பதில் வருமுன்னே வேலை நகர வேண்டும்

நான் திருகோணமலை உவர்மலையில் இருந்து வேலை செய்கிறேன்; எங்கள் மென்பொருள் குழுவில் மற்றவர்கள் கொழும்பிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிறார்கள். கோடையில் ரொறொன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் நிற்கும். நவம்பரில் அங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் திருப்பியதும் அது பத்தரையாகிவிடும். கோடையில் நான் காலை 10 மணிக்குக் கேட்கும் கேள்வி அங்கே நள்ளிரவு 12.30க்குப் போய்ச் சேர்கிறது. அவர்கள் காலை 9 மணிக்கு அதைப் பார்க்கும்போது இங்கே மாலை 6.30.

ஆகவே, "அண்ணா, ஒரு விசயம் கதைக்க வேணும், நேரம் இருக்கா?" என்று மட்டும் அனுப்பினால், "ஓம், சொல்லுங்கோ" என்ற பதில் வருவதற்குள் பகல் முழுவதும் போய்விடும். விசயத்தை மறுநாள் எழுதி, விடைக்கு மறுநாள் மாலை வரை காத்திருக்க வேண்டும். ஆறுதலாகப் பதில் எழுதும் சுதந்திரம் மட்டுமே, ஒரே நேரத்தில் கூடாமல் எழுதிப் பகிர்ந்து செய்யும் இந்த வேலைமுறை என்று பலர் எண்ணுகிறார்கள். என் பார்வையில், வாசிப்பவர் திருப்பிக் கேள்வி கேட்காமலே அடுத்த அடியை வைக்கும்படி எழுதுவதுதான் இதன் உயிர். எங்கள் குழுவில் ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே தொலைபேசி எண் இரண்டு தடவை பதிவாகிறது. பழைய பதிவுகளை அழிக்காமல், இனி வருவனவற்றை மட்டும் தடுக்க நினைக்கிறேன். பழைய பற்றுச்சீட்டுகள் அவற்றோடு இணைந்திருப்பதே காரணம். வியாழன் மாலைக்குள் மறுப்பு வராவிட்டால் அப்படியே செய்வேன்." இதில் எனக்கு மிகவும் பெறுமதியாகப் படுவது காரணம் சொல்லும் பகுதி, ஆறு மாதம் கழித்துக் குழுவில் சேரும் ஒருவருக்கும் அது உதவும்.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரல் (kernel) பல நாடுகளில் இருப்பவர்களின் கைகளால் மின்னஞ்சல் வழியே வளர்ந்தது. அங்கே ஒரு மாற்றத்தை அனுப்புபவர், அது ஏன் தேவை என்பதையும் அதனுடன் எழுத வேண்டும். அந்த வேலைக்காக, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட் (Git) என்ற, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியைத்தான் நாங்களும் பயன்படுத்துகிறோம். அது மாற்றங்களின் முழு வரலாற்றையும் ஒவ்வொருவர் கணினியிலும் வைத்திருப்பதால், இணைய இணைப்பு அறுந்த வேளையிலும் எங்கள் வேலை நிற்பதில்லை.

குரல்பதிவில் தீர்மானம் சொல்வதை நான் ஏற்பதில்லை. பிறகு அதைத் தேடி எடுக்க முடியாது. ஆனால் மனம் நோகக்கூடிய விசயங்களை அழைத்துத்தான் கதைக்க வேண்டும், ஏனெனில் எழுத்தில் கண்டிக்கப்பட்ட பிள்ளை இரவிரவாக அதையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். வேலை பற்றிய அழைப்பாக இருந்தால், முடிவுகளை எழுதிப் பகிர்பவர் யார் என்பதைக் கதைக்கத் தொடங்கும்போதே தீர்மானித்துவிடுகிறோம்.