சாவியைத் திருப்பினால் ‘கிளிக்’ என்ற சத்தம் மட்டும்

சித்தப்பாவின் பிக்கப் 1990களில் ஜப்பானில் செய்யப்பட்ட டீசல் வண்டி. திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹபரணைப் பக்கம் போவதுதான் அதன் வேலை. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் எண்ணத்தையே அவர் விட்டுவிட்டார். ஆகவே கடந்த வாடைக் காலத்தில் அது ஸ்டார்ட் எடுப்பதில் தொல்லை தரத் தொடங்கியபோது, காரணத்தைக் கண்டுபிடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

உப்புவெளியில் வீட்டு வாசலில் ஒரே திருப்பில் எடுக்கும் வண்டி, கொட்பேயில் பெட்டிகளை ஏற்றியபின் சாவியைத் திருப்பினால் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அசையாமல் நிற்கும். பத்து நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் எடுத்துவிடும். கராச்சுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருமுறைகூடப் பழுதைக் காட்டாது. முதலில் பற்றரி மாற்றப்பட்டது. அடுத்து ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றி, உள்ளே தேய்ந்திருந்த செப்புத் தொடுமுனைகளை மாற்றினார்கள். அது நியாயமான சந்தேகம்தான். பழைய வண்டிகளில் ஒற்றைக் ‘கிளிக்’ சத்தத்துக்கு அந்தத் தேய்வே பெரும்பாலும் காரணம். ஆனாலும் மூன்றாம் நாள் வண்டி மறுபடி நின்றது.

விட்டுவிட்டு வரும் பழுதை, அது இருக்கும் நேரத்தில் அளந்தால்தான் பிடிக்கலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மல்ரிமீற்றரை வாங்கி, சித்தப்பாவுடன் நான்கு விடியற்காலைகள் கொட்பேக்குப் போனேன். முதல் மூன்று நாட்களும் வண்டி ஒழுங்காக எடுத்தது. நான்காம் நாள் மழைத் தூறலில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது, “தம்பி, இப்ப பிடிச்சுப் பார், இப்பதான் எடுக்குதில்லை” என்று உள்ளிருந்து கூப்பிட்டார்.

பற்றரியின் இரு முனைகளிலும் வைத்தேன். சாவி திருப்பாத நேரத்தில் 12.6 வோல்ற், திருப்பிப் பிடித்திருக்கையில் 11.8. பற்றரி களைத்திருந்தால் அது 9 வோல்ற்றுக்கும் கீழே விழுந்திருக்க வேண்டும். அடுத்து மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவிலும் மற்றதை எஞ்சின் பிளொக்கின் வெறும் இரும்பிலும் வைத்து, மறுபடி திருப்பச் சொன்னேன். இரண்டும் ஒரே எர்த் (மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்பும் பாதை) என்பதால் அந்த இடத்தில் கால் வோல்ற்றுக்கு மேல் காட்டக் கூடாது. மீற்றர் 7.3 காட்டியது. பன்னிரண்டில் ஏழு வோல்ற் எர்த் வயரிலேயே தொலைந்துபோக, மோட்டருக்கு எஞ்சியது நாலரை வோல்ற் மட்டுமே. ஜம்பர் வயர் ஒன்றை நெகற்றிவிலிருந்து நேரே எஞ்சினில் கவ்வவிட்டதும் முதல் திருப்பிலேயே வண்டி எடுத்தது.

வீட்டுக்கு வந்து அந்த வயரைக் கழற்றினோம். வெளியே பார்வைக்குக் குறையில்லை. எஞ்சினில் பொருத்தும் கண்ணியின் (வயர் முனையிலுள்ள உலோக வளையம்) அருகே மட்டும் உறை சற்று ஊதியிருந்தது. அந்த இடத்தைப் பிளேட்டால் கீறியபோது, பாசிபோல் பச்சைத் தூள் உதிர்ந்தது. உள்ளே பளபளப்பாக மிஞ்சியிருந்த செப்பு இழைகளை விரலால் எண்ணிவிடலாம். ஐஸ் பெட்டிகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் வடிந்த உப்புநீரும் துறைமுகத்துக் கடற்காற்றும் கண்ணி வழியே உள்ளே ஊறியிருக்கின்றன.

முன்பு கராச்சில் இதே எர்த்தைச் சோதனை விளக்கு வைத்துப் பார்த்தபோது விளக்கு நன்றாகவே எரிந்தது. அந்தச் சிறு விளக்கு அரை ஆம்பியர்கூட இழுப்பதில்லை. அவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கு நாலைந்து இழைகளே போதும். ஸ்டார்ட்டரோ நூற்றைம்பது ஆம்பியர் அளவில் இழுக்கிறது. அப்போது 0.05 ஓம் தடைகூட ஏழரை வோல்ற்றை விழுங்கிவிடும். ரப்பர் தாங்கிகளின்மேல் எஞ்சின் குலுங்கும்போது அந்த இழைகள் சிலவேளை நெருங்கியும் சிலவேளை விலகியும் இருந்திருக்கும். வண்டி ஒரு நேரம் எடுத்து மறுநேரம் நின்றதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

ஆக்சிலேற்றர் கேபிள் தொட்டால் சுடுகிறது என்று சித்தப்பா மாதக்கணக்காகச் சொல்லிவந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. சரியான எர்த் கிடைக்காத மின்னோட்டம் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு பேச்சைக் கேட்டிருந்தால் பற்றரிக் காசு மிஞ்சியிருக்கும் என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

பற்றரியிலிருந்து எஞ்சினுக்கும் சேசிக்கும், எஞ்சினிலிருந்து வண்டியின் உடற்பகுதிக்கும் மூன்று புதிய தடித்த வயர்கள் போட்டோம். கண்ணி உட்காரும் இடங்களில் பெயின்ற்றைக் கம்பித் தூரிகையால் இரும்பு தெரியும்வரை உரசி, போல்ற்றை இறுக்கிய பிறகு மேலே கிறீஸ் பூசினோம். இப்போது அதே இடத்தில் மீற்றர் 0.15 காட்டுகிறது.

இரண்டு மாதம் கழித்து எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாமல் ஒருநாள் நின்றது. இது வேறு பழுது. சாவியை ஓன் செய்யும்போது டீசல் பம்பில் டீசலுக்கு வழி திறந்துவிடும் நிறுத்து வால்வு ‘டிக்’ என்று சொல்ல வேண்டும், அன்று சொல்லவில்லை. அதற்குப் போகும் ஒற்றை வயரின் முனை தளர்ந்திருந்தது. முனையைப் புதிதாக நசுக்கிப் பூட்டியதும் சத்தம் வந்தது. சித்தப்பா இப்போது சாவியை முழுதாகத் திருப்புமுன் அந்த ‘டிக்’ கேட்கிறதா என்று ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறார்.