ஆலோசகர் வேண்டுமா, நாமே பார்த்துக்கொள்ளலாமா: ஓய்வுக்காலப் பணம் பற்றிய நாட்குறிப்பு

நவம்பர் 3, 2025, திங்கள்

ஆலோசகரைத் தேடும் முன் ஒரு ஸ்டேட்மெண்ட் கையில் இருக்க வேண்டும். கேம்ஸ் (ஃபண்டுக் கணக்குகளின் பதிவேட்டைப் பராமரிக்கும் நிறுவனம்) தளத்தில், ஃபண்டுகளில் பதிவான மின்னஞ்சலைக் கொடுத்தால் மியூச்சுவல் ஃபண்ட் கணக்கு மொத்தமும் ஒரே கோப்பாக வரும். சுருக்கம் வேண்டாம், விரிவானதையே கேளுங்கள். ஒவ்வொரு திட்டத்தின் பெயரை ஒட்டியும் 'அட்வைசர்' என்று ஒரு சொல் இருக்கும். அதன்பின் 'டைரக்ட்' என்றிருந்தால் நடுவில் ஆள் இல்லை. ஏ.ஆர்.என். (விநியோகஸ்தரின் பதிவு எண்) என்று தொடங்கும் எண் இருந்தால், அந்தப் பணம் அங்கே இருக்கும்வரை ஒருவருக்குக் கமிஷன் போகிறது. அச்சில் 'அட்வைசர்' என்று இருந்தாலும் அவர் விநியோகஸ்தர்தான். "எனக்கு யாரும் இல்லை, பேங்கில் சொன்னார்கள், போட்டேன்" என்பவர்களின் கணக்கில் பெரும்பாலும் இந்த எண் இருக்கும்.

நவம்பர் 5, புதன்

செப்டம்பர், மார்ச் முடிந்ததும் வரும் அரையாண்டு ஸ்டேட்மெண்ட்டைக் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் அதில் ரூபாயாகவே இருக்கும். ரெகுலர் (விநியோகஸ்தர் வழியாக வாங்குவது) திட்டத்துக்கும் டைரக்ட் (நேரடியாக வாங்குவது) திட்டத்துக்கும் உள்ள செலவு விகிதமும், அதாவது ஆண்டுக்கு ஃபண்டு பிடிக்கும் செலவின் சதவீதமும், பக்கத்தில் இருக்கும்.

"கமிஷன் ஒரு சதவீதம்தானே" என்று விட்டுவிடக் கூடாது. 50 லட்சம் ரூபாய் 15 ஆண்டு 10 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 2 கோடியே 9 லட்சம். அதுவே 9 சதவீதம் என்றால் 1 கோடியே 82 லட்சம். ஏறக்குறைய 27 லட்சம் குறைகிறது. இதற்கு யாரும் பில் நீட்டுவதில்லை. என்.ஏ.வி.யிலேயே (ஒரு யூனிட்டின் விலை) கழிந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை.

நவம்பர் 8, சனி

கட்டணம் கேட்கும் ஆலோசகரைப் பார்த்ததும் "இவ்வளவா!" என்று தோன்றும். ஆண்டுக்கு 30,000 ரூபாய் கேட்கிறார் என்று வையுங்கள். 50 லட்சத்தில் அது 0.6 சதவீதம். ஒரு சதவீதக் கமிஷனைவிடக் குறைவு, அதுவும் கண்ணுக்குத் தெரிந்த செலவு.

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் ஐ.என்.ஏ. என்று தொடங்கும். விசிட்டிங் கார்டை நம்பாமல் அந்த எண்ணைச் செபி தளத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள். நிலைக்கட்டணம் (சதவீதமாக இல்லாமல் ஒரே தொகை) என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் வாங்க முடியாது. ரொக்கமாகவும் வாங்கக் கூடாது. "நான் வாங்கும் திட்டத்தில் உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ ஏதாவது வருமா?" என்று நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஓ.டி.பி., பாஸ்வேர்டு கேட்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

நவம்பர் 12, புதன்

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவதில்தான் பலர் அவசரப்பட்டு நஷ்டப்படுகிறார்கள். ஒரே ஃபண்டுக்குள் மாறினாலும் வரித்துறைக்கு அது விற்பனை. முதலில் எஸ்.ஐ.பி.யை (மாதாமாதம் போகும் முதலீடு) மட்டும் நிறுத்தி, டைரக்டில் புதிதாகத் தொடங்குங்கள். பழைய யூனிட்டுகளை மெதுவாக நகர்த்தலாம். பங்கு ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1,25,000 ரூபாய்வரை வரி இல்லை, மீறினால் 12.5 சதவீதம். மார்ச் கடைசியில் ஒரு பகுதி, ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு பகுதி என்று நகர்த்தினால் பத்து நாளுக்குள் இரண்டு ஆண்டுகளின் விலக்கும் கிடைக்கும். ஓராண்டு நிறையாத யூனிட்டுகளைத் தொட வேண்டாம். வரி 20 சதவீதம், எக்ஸிட் லோடும் (சீக்கிரம் வெளியேறினால் ஃபண்டு பிடிக்கும் கட்டணம்) சேரலாம்.

நவம்பர் 13, வியாழன்

இதற்கு ஆலோசகர் தேவையே இல்லை: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். இப்போது 8.2 சதவீதம், ஒருவருக்கு 30 லட்சம்வரை. முழுத்தொகையும் போட்டால் காலாண்டுக்கு 61,500 ரூபாய். 60 வயதானவர் ஆதார், பான், பாஸ்புக்கோடு தபால் நிலையம் போனால் போதும். 55 வயதுக்குமேல் ஓய்வு பெற்றவரும் சேரலாம். ஆனால் ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும். கவுண்ட்டரில் "60 ஆகட்டும்" என்று திருப்பி அனுப்பினால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

அப்படியானால் ஆலோசகர் யாருக்குத்தான் வேண்டும்? 2020 ஜனவரியில் 12,400 புள்ளிகளைத் தொட்ட பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. அந்த வாரம் எல்லாவற்றையும் விற்றவருக்குக் கட்டாயம் வேண்டும். அவரிடம் "பொறுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் பல ஆண்டுக் கட்டணம் அன்றே மிச்சம். வீடு விற்ற பணம், வெளிநாட்டில் பிள்ளைகள், இரண்டு மூன்று பென்ஷன் என்று கணக்கு சிக்கலாக இருப்பவருக்கும் வேண்டும்.

மற்றவர்கள் ஓய்வு பெறும் ஆண்டில் மட்டும் ஒருமுறை கட்டணம் கொடுத்துத் திட்டம் போட்டுக்கொள்ளலாம். பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் சேவிங்ஸ் கணக்கில் வந்து விழுந்ததும் வங்கியிலிருந்து போன் வரும், இன்சூரன்ஸ் பாலிசியைக் காட்டுவார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் ஃப்ரீ லுக் (பாலிசி வேண்டாம் என்று திருப்பித் தரும் உரிமை) என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும். அந்தக் கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.