கடிக்கு எத்தனை புள்ளி?

வருடக்கணக்காகப் பிள்ளைகளின் கணிதத்தாளுக்குப் புள்ளி போடுகிறேன். என் தோலுக்கு 0 முதல் 10 வரை ஒரு புள்ளி சொல்லத் திணறிப்போனேன்.

முழங்கால் மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் சின்ன வயதிலிருந்தே கரப்பன் (எக்ஸிமா). எங்கள் வீட்டில் யாரும் அரிப்பு என்று சொல்வதில்லை, கடிதான். ஆடியில் கச்சான் காற்று வீசினால் தோல் காய்ந்து வெடிக்கும். பெரியம்மா சொன்னாரென்று ஒருமுறை திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் அள்ளி ஊற்றினேன். ஊற்றும்போது சொர்க்கம். உப்புவெளிக்குத் திரும்பும் வழியில், ஓட்டோவிலேயே சொறியத் தொடங்கிவிட்டேன். சூடான தண்ணீர் தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப்பசையையும் கழுவிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

முன்பு மருந்துக்குப் போன இடத்தில் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "குறைஞ்சிருக்கு" என்று எழுதி அனுப்புவார்கள். காலை பத்து மணி, ஃபேனுக்குக் கீழே இருக்கிறேன், எனக்கும் அந்நேரம் கடி இராது. என்ன சொல்ல?

இப்போது பார்க்கும் டொக்டர் வேறு மாதிரிக் கேட்டார். "இப்ப எப்பிடி எண்டு கேக்கேல்லை டீச்சர். இந்த 24 மணித்தியாலத்துக்குள்ள ஆகக் கூடக் கடிச்ச நேரத்துக்கு எத்தனை?"

மரியாதைக்கு 5 என்றேன். அம்மா விடவில்லை.

"அஞ்சோ? ராத்திரி ரெண்டு மணிக்குச் சீப்பால சொறிஞ்சவள், டொக்டர். பெட்சீற்றில ரத்தப் பொட்டு. தோய்க்கிறது நான்தானே."

கிளினிக் கொப்பியில் 8 விழுந்தது.

பிறகு போயம் (POEM) என்று ஒரு தாள், கரப்பன்காரர் தாங்களே நிரப்புவது, ஏழு கேள்விகள். போன கிழமை எத்தனை நாள் கடி, எத்தனை இரவு நித்திரை குழம்பியது, எத்தனை நாள் ரத்தம் கசிந்தது. மூன்றாவது அம்மாவின் பெட்சீற் கணக்கேதான்! கேள்விக்கு 4 வீதம் மொத்தம் 28. எனக்கு 19. 17 வந்தாலே கடுமையாம். கூடப் புள்ளி எடுத்து வெட்கப்பட்டது அன்றுதான்.

சிவப்பு, தடிப்பு, சொறிந்த காயம் எல்லாம் டொக்டர் பார்த்துப் புள்ளி போடலாம். அதற்கு ஈஸி (EASI) என்றொரு அளவுகோல் இருக்கிறது. அதில் கடி சேராது. கடிக்கு நான்தான் வாய் திறக்க வேண்டும்.

இரவில் ஈரத் தோலில் களிம்பு, நகம் ஒட்ட வெட்டு, பருத்திச் சட்டை என்று ஒரு மாதம் போனது. கடிக்குப் போட்ட அந்த 8இலிருந்து 4 புள்ளியாவது இறங்கினால் நல்ல முன்னேற்றம் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அடுத்த கிளினிக்கில் அவர் கேட்டதும் 4 என்று வாய்வரை வந்தது. அம்மாவைப் பார்த்தேன்.

5 என்றேன்.