பிடித்த வேலையும் களைக்க வைக்கும்

பிடிக்காத வேலையில் சலிப்பு வந்தால் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். பிடித்த வேலையில் களைத்துப்போகிறவரிடம் மட்டும், "உங்களுக்குத்தான் அது உயிராயிற்றே?" என்று கேட்கிறார்கள். கடலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் எனக்கு என் வேலை அப்படிப்பட்டதுதான். பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு, வீட்டுக்கு வந்தால் விடைத்தாள்கள், இரவு வாட்ஸ்அப்பில் பெற்றோரின் கேள்விகள் என நாள் நீண்டுகொண்டே போனது. அவற்றில் பாதி நானே விரும்பி ஏற்றவை. பிறகு ஒரு பருவத்தில், சந்தேகம் கேட்கக் கை உயர்த்தும் மாணவியைப் பார்த்தாலே எரிச்சல் வரத் தொடங்கியது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற ஐசிடி-11 என்ற பன்னாட்டு நோய் வகைப்பாடு இத்தகைய பணிச்சோர்வை ('பர்ன்அவுட்') நோய் என்று சொல்வதில்லை. பணியிடத்தில் நீடித்து, சரிவரக் கையாளப்படாத மன அழுத்தத்தின் விளைவு என்கிறது. ஆற்றல் தீர்ந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, திறமை குறைந்துவிட்டதாகத் தோன்றுவது ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகக் குறிப்பிடுகிறது. என்னை அச்சுறுத்தியது இரண்டாவதுதான்; களைப்பைத் தாங்கிக்கொள்ளலாம், குழந்தைகள் மீது கசப்பு வருவதைத் தாங்க முடியவில்லை. ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர் என்ற உளவியலர் 1974-இல் இந்நிலையைப் பற்றி எழுதியபோது, நியூயார்க்கின் இலவச மருத்துவ மையத்தில் தாமாக முன்வந்து உழைத்தவர்களைக் கண்டே எழுதினார் என்பதையும், ஈடுபாடு மிகுந்தவர்களே இதற்கு எளிதில் ஆட்படுகிறார்கள் என்று அவர் கருதியதையும் அறிந்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

மருத்துவரிடம் போனேன். ரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே களைப்பைத் தரக்கூடும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். (நம் வீட்டுப் பெண்கள் பலர் இந்த முதல் படியையே தாண்டிப் போய்விடுகிறார்கள்.) முடிவுகள் சரியாகவே இருந்தன. மே மாத விடுமுறை முழுவதும் தூங்கினேன். ஜூனில் பள்ளி திறந்த சில நாள்களிலேயே பழைய எரிச்சல் திரும்பிவிட்டது.

ஓய்வு மட்டும் ஏன் போதவில்லை என்பதற்கான விடை எங்கள் ஊர்த் துறைமுகத்திலேயே இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்கள், மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்தக் காலத்தில் படகுகளைப் பழுது பார்க்கிறார்கள், வலைகளைச் சீர்செய்கிறார்கள், மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகை வழங்குகிறது. இதை அவரவர் மன உறுதிக்கு விட்டிருந்தால், பக்கத்துப் படகு கிளம்பும்போது தன் படகை யார் கரையில் நிறுத்துவார்? பக்கத்து வகுப்பில் விளக்கு எரியும்போது என்னாலும் வீட்டுக்குக் கிளம்ப முடிந்ததில்லை. ஆகவே பாட ஆசிரியர்கள் சேர்ந்தே தலைமையாசிரியையிடம் பேசினோம். சிறப்பு வகுப்புகள் முறை வைத்துப் பிரிக்கப்பட்டன. பெற்றோர் குழுவில் மாலை ஏழு மணிக்குமேல் பதில் கிடையாது என்று அறிவிக்கப்பட்டது. சிறு தேர்வுகளின் தாள்களை மாணவர்களே மாற்றித் திருத்தத் தொடங்கினார்கள்.

மீதமான மாலைப் பொழுதை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வியாயிற்று. வேலைக்குப் பிந்தைய மீட்சிக்கு நான்கு அனுபவங்கள் உதவுவதாக சபீனே சொன்னென்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் ஆகிய உளவியலர்கள் 2007-இல் எழுதினார்கள்: மனத்தளவில் வேலையிலிருந்து விலகியிருத்தல், தளர்வு, புதிய திறன் ஒன்றைப் பழகுதல், தன் நேரத்தைத் தானே தீர்மானித்தல். மூன்றாவதை நான் பெரிதாக எண்ணவில்லை, மஞ்சக்குப்பத்தில் ஒரு தையல்கார அக்காவிடம் ரவிக்கை தைக்கப் பழகும்வரை. "பிரிச்சிட்டு மறுபடி தைங்க டீச்சர்" என்று அவர் சொல்லும்போது வெட்கத்தைவிட நிம்மதியே மிகுதியாக இருந்தது. அங்கே என் தவறால் யாருடைய மதிப்பெண்ணும் குறையப்போவதில்லை.

முதலில் தூக்கம் சீரானது. கசப்பு நீங்க அதைவிட நெடுநாள் ஆனது. ஒளி விலகலைக் கற்பித்த ஒரு வகுப்பில், தண்ணீர் டம்ளரில் பென்சில் வளைந்து தெரிவது ஏன் என்று ஒருத்தி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தபோது, மணி அடித்ததையே நான் கவனிக்கவில்லை. எனக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். முறை வைத்ததில் சக ஆசிரியை ஒருவருக்குச் சனிக்கிழமைகள் கூடுதலாகிவிட்டன, அதில் அவருக்கு வருத்தம் இருக்கிறது, அது நியாயமான வருத்தமும்கூட. அரையாண்டுத் தேர்வுக்கு முன் அந்தப் பட்டியலை மறுபடி பிரிக்க வேண்டும்.