கத்தலுக்குள் ஒரு பாரம்

ஆங்கிலத்தில் ‘வொசிஃபரேட்’ என்றொரு சொல். பேச்சில் அதிகம் காதில் விழாது. ஆவேசமாக, உரத்த குரலில் கத்துவது என்று பொருள். லத்தீனில் ‘வோக்ஸ்’ என்றால் குரல், ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல். குரலைச் சுமந்துபோய் எதிராளியின் காதில் இறக்கிவைப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

என்னைச் சிலிர்க்க வைத்தது அடுத்த விஷயம்தான். அந்த வோக்ஸும் சமஸ்கிருத ‘வாக்’கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. ஃபெர்ரேயும் ‘பார’மும் அப்படியே. அந்த இரண்டு சமஸ்கிருதச் சொற்களும்தான் தமிழுக்குள் வந்து வாக்கு, பாரம் என்று நம் நாவில் புழங்குகின்றன! எங்கோ ரோமில் ஒருவர் தொண்டை கிழியக் கத்தியதற்கும், ‘மனசு பாரமா இருக்கு’ என்று நாம் முணுமுணுப்பதற்கும் இப்படியொரு சொந்தம். காலையிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.