ஒரே ஒரு நாற்காலி

ராயபுரத்தில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பழுதுபார்க்கிற கடை வைத்து 26 வருடம் ஆகிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து வருடத்தில் நமத்துப்போன பிஸ்கட்டாக உதிரும். அதைச் சுரண்டிவிட்டு ரப்பர் வளையம் ஒட்டுவதிலேயே என் பாதி ஆயுள் போயிற்று.

ஆரம்பத்தில் கடைக்கு வருபவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எத்தனை வாட்ஸ்?" பர்மா பஜாரில் வாங்கிய பெட்டிகளில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று பளபளக்கும்; ஒரு கணம் எட்டுவதாக விளம்பரத்துக்குச் சொல்லும் உச்ச அளவு அது. திறந்து பார்த்தால், பத்து வாட்ஸ் தந்தாலே பெரிது என்று சொல்லும்படி ஒரு சின்ன ஐ.சி. சிப் இருக்கும். வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சமே வித்தியாசம் என்று விளக்கிப் பார்த்தேன். யாரும் காது கொடுக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் பெரம்பூரிலிருந்து ஒருவர் அழைத்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் நாலரை லட்சத்துக்கு ஸ்டீரியோ வாங்கியிருந்தார். "கடையில் கேட்டது வேறு, வீட்டில் கேட்பது வேறு தம்பி" என்றார், ஏமாந்துவிட்ட குரலில்.

ஏமாற்றியது கடைக்காரர் இல்லை, அறைதான். பத்துக்குப் பத்து. பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் சுவர்களுக்கு நடுவே சுமார் 56 ஹெர்ட்ஸ் கொண்ட தாழ்ந்த ஒலி போக வழியில்லாமல் தேங்கும். சதுர அறையென்றால் நீளத்திலும் அகலத்திலும் அதே கதை. மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கம், பேஸ் கிட்டார் எல்லாம் ஒரே 'ஊம்' ஆகிவிட்டிருந்தன. ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன். அவற்றோடு முக்கோணம் அமையும்படி நாற்காலியைப் போட்டேன். பின்சுவரில் தடித்த ஜமக்காளத்தைத் தொங்கவிட்டேன். ஜன்னலைச் சாத்தி மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னேன். அது சுற்றினால் மெல்லிய ஒலிகள் கேட்காது. மே மாதம். இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது.

வீணை வட்டு ஒன்றைப் போட்டார். விரல் தந்தியில் வழுக்கும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது வியர்வைக்கா, வேறெதற்கா தெரியாது. உடனே மனைவியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துத் தான் ஓரமாக நின்றார். நின்ற இடத்தில் அவருக்கு ஒரு பக்க ஸ்பீக்கர்தான் கேட்டிருக்கும். அந்த அம்மா இரண்டு நிமிடம் கேட்டார். "நன்றாகத்தான் இருக்கிறது. பீரோவை எப்படித் திறப்பது?" என்றார். உண்மைதான். இடது ஸ்பீக்கர் பீரோ கதவுக்கு நேராக நின்றது.

இப்படி நல்ல செட் வாங்கி உட்கார்ந்து கேட்க ஆள் குறைவாக இருப்பது விலையால் என்றே பலரும் சொல்கிறார்கள். நான் ஒப்பமாட்டேன். எங்கள் தெருவிலேயே அந்த நாலரை லட்சத்துக்கு மேல் விலையுள்ள மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பைக்கில் பின்னால் ஒருவரை ஏற்றிக்கொள்ளலாம். இங்கே நாற்காலி ஒன்றுதான். போதாததற்கு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பாட்டு ஓடும்போது பேசாமல் இருக்கிற வீட்டை வண்ணாரப்பேட்டையில் எனக்குக் காட்டுங்கள்.

ஆடி மாதம் அம்மன் கோவில் குழாய் ஸ்பீக்கரில் தாழ்ந்த சுருதி எதுவும் ஏறாது. பாதிப் பாட்டு தகரம். ஆனாலும் மீன் கழுவிக்கொண்டே வரி தவறாமல் கூடப் பாடுகிறார்கள். தெரிந்த பாட்டை நினைவுபடுத்தினால் போதும், மீதியை மனசே வாசித்துக்கொள்கிறது. விலை உயர்ந்த செட்டோ அந்தச் சலுகையைத் தராது. 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கி இறக்கிவைத்த பழைய பாட்டைப் போட்டால், நாம் இத்தனை நாள் கவனிக்காத இரைச்சலையும் சேர்த்தே காட்டிக்கொடுக்கும். "என் பாட்டைக் கெடுத்துவிட்டது" என்று என்னிடமே சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

போன வருடம் வால்யூம் கட்டையில் கரகரப்பு என்று பெரம்பூர்க்காரர் மறுபடி அழைத்தார். ஸ்பீக்கர் இரண்டும் சுவரோடு ஒட்டி நின்றன. மின்விசிறி சுழன்றது. ஜமக்காளத்தைக் காணோம். 56 ஹெர்ட்ஸ் பழையபடி ஊதிக்கொண்டிருந்தது. அவர் சமையலறையில் மனைவியோடு உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னால் இழுத்து வைக்கட்டுமா சார்?" என்றேன்.

"கரகரப்பை மட்டும் பாருங்கள் தம்பி" என்றார்.