ஜோடி என்று நினைத்தது

நான்காவது முறையும் முட்டைகள் வெளுத்துப் போயின.

ஏஞ்சல் மீனின் முட்டை நன்றாக இருந்தால் வெளிர் தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருக்கும். கருவுறாதது சுண்ணாம்பாக வெளுத்து, அப்புறம் பஞ்சு போலப் பூஞ்சை பிடிக்கும். என் தொட்டியில் ஒவ்வொரு முறையும் ஒன்றுவிடாமல் வெள்ளை. பழியைத் தண்ணீர் மேல் போட்டேன். கடினத்தன்மையைக் குறைத்தேன். ஹீட்டரை 28 டிகிரியில் வைத்தேன். முட்டை ஒட்டிய அமேசான் ஸ்வோர்டு செடியின் இலையையே வெட்டி, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் ப்ளூ மருந்து கலந்த தனித் தொட்டியில், காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில் வைத்தேன். விரல்கள் நீலமானதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் என் ஏஞ்சல்கள் இரண்டுக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. சேர்ந்து இலையைக் கொத்திச் சுத்தம் செய்யும், கூட இருந்த சின்ன டெட்ரா மீன்களை மூலைக்கு விரட்டும், முட்டைகளுக்கு மாறி மாறி விசிறும்.

ஐந்தாவது தடவை தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஏஞ்சலில் ஆண், பெண் பார்த்தவுடன் தெரியாது. நெற்றி மேடு, உடல் அகலம் என்பதெல்லாம் பாதி ஜோசியம். முட்டையிடும் சமயத்தில் வயிற்றுக்கு அடியில் நீளும் குழாயை நம்பலாம்: ஆணுக்கு மெலிந்து கூராக, பெண்ணுக்குத் தடித்து மழுங்கலாக. முதல் மீன், மழுங்கல். சரி. பின்னாலேயே இரண்டாவது இலையை உரசி ஏறியது. அதுவும் மழுங்கல்! போகிற போக்கில் தன் பங்குக்கு ஒரு வரிசை முட்டையும் ஒட்டிவிட்டுப் போனது. எவ்வளவு முட்டை பார் என்று நான் பெருமைப்பட்ட நாட்கள் ஞாபகத்துக்கு வந்தன.

ஆண் கிடைக்காத இடத்தில் இரண்டு பெண்கள் இப்படி ஜோடி சேர்வது இந்த மீனில் சகஜம். ஆறு குட்டிகளாவது வாங்கி வளர்த்து, துணையை அவையே தேர்ந்துகொள்ள விடச் சொல்வது இதற்குத்தான். நான் இரண்டே இரண்டு வாங்கியவன்.

அப்புறம், ஏற்கெனவே முட்டையிட்ட வேறொரு ஜோடியிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவந்து விட்டேன். பழைய இரண்டில் ஒன்றை அவன் சேர்த்துக்கொண்டான்; மற்றது அடி வாங்கியே வேறு தொட்டிக்குப் போனது. பாவம், தோழியே அதிகம் அடித்தாள்.

அவர்களுடைய முதல் முட்டைகளை அவர்களே தின்றுவிட்டார்கள். அடுத்ததைத் தனியே எடுத்துவைத்தேன். அதிலும் கொஞ்சம் வெளுத்தது. ஆனால் மூன்றாம் நாள் காலை டார்ச் அடித்துப் பார்த்தால், தலை இலையில் ஒட்டியபடி நூறு வால்களாவது துடிக்கின்றன. நீந்தத் தொடங்க இன்னும் நாலைந்து நாள். அதற்குள், குஞ்சுகளுக்குத் தீனியாக ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலைப் பொரிக்க உப்புத் தண்ணீர் கலக்க வேண்டும்.